வயிறு, குடல் புற்றுநோயும் நாள்பட்ட அழற்சியும்: சுங்கை சிப்புட் வட்டாரக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் உணவுக்குழாய், இரைப்பை, குடல், ஈரல், கணையம் ஆகியவற்றில் புற்றுநோய் கண்டவர்களின் குடும்பத்தினர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதப்பட்டுள்ளது. ஈப்போவுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் பயணம் செய்து, காலை முழுவதும் காத்திருந்து, மருத்துவரோடு சில நிமிடங்களே பேசக் கிடைப்பவர்கள் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு உள்ளே செல்வது நல்லது. மருந்தை நிறுத்துவதோ மாற்றுவதோ சிகிச்சை தரும் மருத்துவரின் முடிவாகவே இருக்க வேண்டும்.

அழற்சி என்பது நாம் சொல்லும் 'உடம்புச் சூடு'தானா?

இல்லை. செம்பனை முள் காலில் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்கி வலிக்கிறது. வெள்ளணுக்கள் அங்கே திரண்டு கிருமிகளை அழித்து, சிதைந்த திசுவை அகற்றி, புண்ணை ஆற்றிய பிறகு எல்லாம் அடங்கிவிடுகிறது. இது நமக்குத் தேவையான அழற்சி. நாள்பட்ட அழற்சியில் காரணம் நீங்குவதில்லை. ஆகவே வெள்ளணுக்களின் வேலையும் முடிவதில்லை. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் அது தாழ்ந்த அளவில் நடந்துகொண்டே இருக்கிறது. பெரும்பாலும் வெளியே காய்ச்சலோ வீக்கமோ தெரியாது. இளநீரும் எண்ணெய்க் குளியலும் உடலுக்கு இதமாக இருக்கலாம், ஆனால் குடல் சுவரில் நடக்கும் அழற்சியை அவை தொடுவதில்லை.

அழற்சி எப்படிப் புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிறது?

புற்றுக்கட்டிகளுக்குள் வெள்ளணுக்கள் குவிந்திருப்பதை ஜெர்மானிய மருத்துவர் ருடோல்ஃப் விர்ச்சோ 1863-இலேயே கவனித்து, இரண்டுக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்று கருதினார். அதன் செயல்முறை பிற்காலத்தில்தான் விளங்கியது. அழற்சி நீடிக்கும் இடத்தில் வெள்ளணுக்கள் வெளியிடும் வீரியமிக்க ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் அருகிலுள்ள நல்ல செல்களின் மரபணுவையும் சேதப்படுத்துகின்றன. இறந்த செல்களுக்கு ஈடாகப் புதிய செல்கள் ஓயாமல் பிரிந்து பெருக வேண்டியிருப்பதால் அந்தச் சேதம் திருத்தப்படாமலே அடுத்த தலைமுறை செல்களுக்குக் கடத்தப்படுகிறது. இன்டர்லூக்கின்-6 போன்ற வேதிச் செய்திகள், சாக வேண்டிய செல்லையும் சாகவிடாமல் காக்கின்றன. பால்மரம் சீவிய தலைமுறை இதை எளிதில் புரிந்துகொள்ளும்: கத்தி ஆழமாக இறங்கி உள்பட்டையைத் திரும்பத் திரும்பக் காயப்படுத்திய மரத்தில் பட்டை மறுபடியும் வளரும், ஆனால் வழவழப்பாக வளராமல் முடிச்சு முடிச்சாகத் திரளும்.

செரிமானப் பாதையில் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. இரைப்பையில் குடியேறும் இக்கிருமியை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் கண்டறிந்தனர். அதற்கு 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது. அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1994-இலேயே அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. கிருமி பல ஆண்டுகள் தங்கும்போது இரைப்பையின் உள்சவ்வு முதலில் அழற்சியடைந்து, பிறகு மெலிந்து, பிறகு குடலின் சவ்வைப் போல உருமாறி, சிலருக்கு மட்டும் புற்றாகிறது. கிருமி உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை; ஆகவே கிருமி இருப்பதாகச் சொன்னவுடன் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மலேசியாவில் நடந்த ஆய்வுகள் பலவற்றில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் இக்கிருமி கூடுதலாகக் காணப்பட்டிருப்பதால், "கேஸ்திரிக்" என்று சொல்லிக் கடையில் மாத்திரை வாங்கியே காலம் கழிப்பவர்கள் ஒருமுறையாவது பரிசோதித்துக்கொள்வது நல்லது.

பெருங்குடலில் புண்ணோடு கூடிய நாள்பட்ட அழற்சி, அதாவது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், இன்னொரு காரணம். கிந்தா பள்ளத்தாக்கில், அதாவது நமக்குப் பக்கத்திலேயே, நடத்தப்பட்ட ஆய்வில் குடல் அழற்சி நோய்கள் மூன்று இனத்தாரிலும் இந்தியர்களிடமே அதிகமாக இருப்பது தெரியவந்தது. சளியும் இரத்தமும் கலந்த வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீடித்தால் அதை மூலம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இந்நோய் தொடங்கி எட்டு ஆண்டுகள் ஆனவர்களுக்குக் குறிப்பிட்ட இடைவெளியில் கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் குழாய்க் கேமரா செலுத்திப் பார்க்கும் சோதனை, செய்வது வழக்கம்.

ஈரலுக்கு ஹெப்பாடைட்டிஸ் பி, சி கிருமிகளும், மதுவும், இனிப்புநீரோடு சேர்ந்துவரும் கொழுப்பு ஈரலும் காரணமாகின்றன. மலேசியாவில் பிறந்த குழந்தைகளுக்கு ஹெப்பாடைட்டிஸ் பி தடுப்பூசி 1989-இல்தான் தொடங்கியது; அதற்கு முன் பிறந்தவர்கள் தமக்கு அக்கிருமி உள்ளதா என்று பார்த்துக்கொள்ளலாம். உணவுக்குழாய்க்குச் சம்சு என்னும் சாராயமும் புகைப்பழக்கமும் சேரும்போது ஆபத்து இரண்டையும் கூட்டிய தொகையைவிடப் பெரிதாகிறது. தோட்டங்களில் மலிவுச் சம்சு எத்தனை குடும்பங்களை அழித்தது என்று பேசும்போது நாம் குடும்பச் சண்டைகளையும் கடனையும் மட்டும் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம். தொண்டைக்குக் கீழே அது செய்த வேலையையும் சேர்க்க வேண்டும்.

புற்றுநோய் வந்துவிட்டது என்றால் எதிர்ப்புச்சக்தி குறைந்துவிட்டது என்றுதானே பொருள்?

பெரும்பாலோர் இப்படித்தான் நினைக்கிறார்கள். 'எதிர்ப்புச்சக்தியைக் கூட்டும்' பொருள்களுக்கு இத்தனை விற்பனை இருப்பதும் இதனால்தான். உண்மை நிலை சற்றுச் சிக்கலானது. வயிற்றுப் புற்றுநோயாளியின் உடலில் எதிர்ப்பாற்றலின் ஒரு பகுதி அளவுக்கு மீறி இயங்குகிறது, இன்னொரு பகுதி முடங்கிக் கிடக்கிறது. கட்டி தன்னைச் சுற்றி அழற்சியைத் தூண்டி, அந்த அழற்சி கொண்டுவரும் புதிய இரத்தக் குழாய்களையும் வளர்ச்சிச் செய்திகளையும் தனக்கே பயன்படுத்திக்கொள்கிறது. நியூட்ரோஃபில் வகை வெள்ளணுக்கள் பெருகுகின்றன. புற்றுச் செல்லை அடையாளம் கண்டு கொல்லக்கூடிய டி-லிம்போசைட்டுகளோ (டி-செல்கள்) குறைகின்றன, அல்லது கட்டியின் வாசலிலேயே தடுத்து நிறுத்தப்படுகின்றன.

தடுத்து நிறுத்துபவற்றுள் முக்கியமானவை ஒழுங்குபடுத்தும் டி-செல்கள். நம் எதிர்ப்பாற்றல் நம் உடலையே தாக்காமல் பார்த்துக்கொள்வது அவற்றின் வேலை. அவற்றைப் பற்றிய கண்டுபிடிப்புக்காக ஷிமோன் சகாகுச்சி, மேரி புருங்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கு 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. பல கட்டிகள் இச்செல்களைத் தம்மிடம் சேர்த்துக்கொண்டு அவற்றின் பின்னால் ஒளிந்துகொள்கின்றன.

மறுபக்கம், கட்டிக்குள் டி-லிம்போசைட்டுகள் நிறையப் புகுந்திருந்தால் அது நல்ல அறிகுறி. பெருங்குடல் புற்றுநோயில் எந்த வகைச் செல், எவ்வளவு, கட்டியின் நடுவிலா விளிம்பிலா என்பவற்றைக் கணக்கிட்டால் நோயின் போக்கை நன்றாக முன்கணிக்கலாம் என்று பிரான்சைச் சேர்ந்த ஜெரோம் காலோனின் குழு 2006-இல் காட்டியது. ஆக, ஒருவருடைய எதிர்ப்பாற்றல் 'கூடுதலா குறைவா' என்று கேட்பதைவிட, அது எந்த வேலையில் ஈடுபட்டிருக்கிறது என்று கேட்பதே பயன் தரும்.

இரத்தப் பரிசோதனைத் தாளில் அழற்சியை எங்கே பார்ப்பது?

மூன்று இடங்களில் பார்க்கலாம். மூன்றும் வழக்கமான, விலை குறைந்த பரிசோதனைகளே.

முதலாவது சிஆர்பி. இன்டர்லூக்கின்-6 தரும் தூண்டுதலால் ஈரல் உற்பத்தி செய்யும் புரதம் இது. பொதுவாக லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே இருக்கும்.

இரண்டாவது அல்புமின். இதுவும் ஈரல் தயாரிக்கும் புரதமே. ஆனால் அழற்சி நீடிக்கும்போது குறைகிறது. அல்புமின் குறைந்தால் "சரியாகச் சாப்பிடவில்லை" என்று வீட்டில் நோயாளியைக் கடிந்துகொள்வது வழக்கமாகிவிட்டது. உணவு ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் அழற்சியே அதை இறக்கிவிடும் என்பதால் அந்த எண்ணை வைத்து யாரையும் குற்றம் சொல்வது நியாயமன்று. இவ்விரண்டையும் சேர்த்துக் கிளாஸ்கோ நகர மருத்துவர்கள் ஓர் எளிய மதிப்பெண் வகுத்தனர்: சிஆர்பி 10-ஐத் தாண்டாவிட்டால் சுழியம், தாண்டினால் ஒன்று, தாண்டியதோடு அல்புமினும் லிட்டருக்கு 35 கிராமுக்குக் கீழே இருந்தால் இரண்டு. மதிப்பெண் ஏற ஏற நோய் கடுமையாக இருக்கும் வாய்ப்பும், சிகிச்சையைத் தாங்குவதில் சிரமமும் கூடுவதைப் பல புற்றுநோய்களில் கண்டிருக்கிறார்கள்.

மூன்றாவது, முழு இரத்த எண்ணிக்கைத் தாளில் உள்ள நியூட்ரோஃபிலை லிம்போசைட்டால் வகுத்து வரும் விகிதம். நியூட்ரோஃபில் 6.0, லிம்போசைட் 1.2 என்றால் விகிதம் 5. பெரும்பாலான ஆய்வுகள் 3-க்கும் 5-க்கும் இடையில் ஓர் எல்லைக்கோடு போட்டு, அதற்கு மேல் உள்ளவர்களுக்குப் போக்கு நன்றாக இல்லை என்று சொல்கின்றன. ஆனால் இதை வீட்டில் கணக்குப் போடுபவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். வாந்தி வராமல் இருக்கக் கொடுக்கப்படும் டெக்சாமெத்தசோனும், வெள்ளணுவைக் கூட்டப் போடப்படும் ஊசியும் நியூட்ரோஃபிலை ஏற்றிவிடும். சளி, சிறுநீர்த் தொற்று, பல் சீழ் ஆகியவையும் அப்படியே. ஒரே ஒரு தாளை வைத்துக்கொண்டு இரவெல்லாம் விழித்திருப்பதில் பயனில்லை. கடந்த சில மாதத் தாள்களை வரிசையாக அடுக்கி, எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று மருத்துவரிடம் கேட்பதே சரி.

குடல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிஆர்பிக்குத் தனிப் பயன் உண்டு. முதல் இரண்டு மூன்று நாள் அது ஏறுவது இயல்பு, பிறகு இறங்க வேண்டும். நான்காம் நாளிலும் 150-க்கு மேலேயே நின்றால், குடலைத் தைத்த இடத்தில் கசிவு இருக்குமோ என்று மருத்துவர்கள் தேடத் தொடங்குவார்கள்.

இரும்புச்சத்து மாத்திரை பல மாதமாகச் சாப்பிட்டும் அம்மாவுக்கு இரத்தசோகை தீரவில்லை. ஏன்?

இரண்டு காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கலாம். ஒன்று, கட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் கசியும் இரத்தம். மற்றது அழற்சி. இன்டர்லூக்கின்-6 உயரும்போது ஈரல் ஹெப்சிடின் என்னும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது; அது குடல் செல்லிலிருந்து இரும்பு இரத்தத்துக்குள் செல்லும் வழியை அடைத்துவிடுகிறது. மாத்திரை உள்ளே போகிறது, மலம் கறுக்கிறது, ஹீமோகுளோபின் மட்டும் அசையாது நிற்கிறது. இத்தகையவர்களுக்கு நரம்பு வழி ஏற்றும் இரும்பு உதவக்கூடும். உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவோடு, இரும்பைச் சுமந்து செல்லும் டிரான்ஸ்ஃபெரின் புரதத்தின் செறிவையும் சேர்த்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள், ஏனென்றால் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் மட்டும் பொய்யாக உயர்ந்து காட்டும்.

அப்பா சாப்பிடத்தான் செய்கிறார். ஆனாலும் சட்டை தொளதொளவென்று ஆகிவிட்டது.

இதைக் கேகெக்சியா என்கிறார்கள். பட்டினியால் இளைப்பவரின் உடல் முதலில் கொழுப்பைக் கரைத்து, தசையைக் காப்பாற்றப் பார்க்கும். அழற்சியால் இளைப்பவரின் உடல் தசையையே கரைக்கிறது. பசியும் அடங்கிப்போகிறது, வாயில் ருசியும் மாறிப்போகிறது. ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் அதைக் கேகெக்சியா எனக் கொள்ளலாம் என்று 2011-இல் பன்னாட்டு வல்லுநர்கள் வரையறுத்தனர். 60 கிலோ இருந்தவர் 57 கிலோவுக்குக் கீழே இறங்கினால் அந்த எல்லையைக் கடந்துவிட்டார். இரைப்பை, கணையப் புற்றுநோயில் இது மிகச் சாதாரணமாக வருகிறது.

"நன்றாகச் சாப்பிடுங்கள்" என்று வற்புறுத்துவதால் மட்டும் இது திரும்பாது. வீட்டில் இதனால் எழும் சண்டைகள் ஏராளம். சாப்பிட மறுப்பது பிடிவாதம் அன்று, நோயின் ஒரு பகுதி என்பதை மனைவிமார்களும் மருமகள்மார்களும் அறிந்துகொண்டால் சாப்பாட்டு மேசையில் கண்ணீர் குறையும். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வொன்றில், இரைப்பை, ஈரல், கணையம், நுரையீரல் ஆகியவற்றில் முற்றிய புற்றுநோய் கொண்டவர்களுக்குக் கீமோவோடு ஓலன்சபின் 2.5 மில்லிகிராம் நாள்தோறும் 12 வாரம் தரப்பட்டது. எடை 5 விழுக்காட்டுக்கு மேல் கூடியவர்கள் அந்த மருந்து பெற்றவர்களில் 60 விழுக்காடு, வெற்று மாத்திரை பெற்றவர்களில் 9 விழுக்காடு. இது மனநோய்க்குத் தரும் பழைய, மலிவான மருந்து. பெயரைப் பார்த்துப் பயந்துவிடாமல், அப்பாவுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். தூக்கக் கலக்கமும் சர்க்கரை ஏறுவதும் அதன் பக்க விளைவுகள்.

என்ன கொடுக்கலாம்? பத்தியம் வேண்டுமா? தைப்பூச விரதம் இருக்கலாமா?

ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல்படி, புற்றுநோயாளிக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாள்தோறும் 25 முதல் 30 கிலோகலோரியும், 1 கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதமும் தேவை. 50 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு 50 முதல் 75 கிராம் புரதம் என்று பொருள். நம் வீட்டுச் சாப்பாட்டில் சோறு நிறைய, குழம்பு நிறைய, மீன் ஒரு துண்டு என்ற அளவில் இது எட்டாது. ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராம். நூறு கிராம் கெம்போங் மீனிலும் நூறு கிராம் தெம்பேயிலும் (புளிக்கவைத்த சோயாக் கட்டி) கிட்டத்தட்ட 20 கிராம். மூன்று வேளைப் பெரிய தட்டைவிட, ஆறு வேளைச் சின்னக் கிண்ணம் எளிது; இரைப்பையை அகற்றியவர்களுக்கு அதுதான் இயலும். தெம்பேயை மென்மையாக வேகவைத்துப் பருப்போடு மசித்தால் பல் இல்லாதவரும் உண்ணலாம்.

முட்டை, மீன், கோழியைச் 'சூடு' என்றும் 'கரப்பான்' என்றும் ஒதுக்கி, அரிசிக் கஞ்சியை மட்டும் வாரக்கணக்கில் கொடுப்பது நோயாளிக்கு நாமே செய்யும் தீங்கு. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. சீனி புற்றுக்குத் தீனி என்று சொல்லி மாவுச்சத்தை அடியோடு நிறுத்துவதும் எடையைத்தான் குறைக்கும்.

சைவ உணவு தடையன்று. பருப்பு, பால், தயிர், தெம்பே, கச்சான் கொண்டு புரதத்தை நிறைவாக்க முடியும். ஆனால் ஒருவேளை மட்டும் உண்ணும் விரதம் கீமோ எடுப்பவருக்கும் எடை இழந்தவருக்கும் பொருந்தாது. நோயாளியின் பெயரில் குடும்பத்தில் இன்னொருவர் விரதம் இருந்து பால்குடம் எடுப்பதை நம் கோயில்கள் என்றுமே ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

மஞ்சள், பெலாலாய் கஜா, துரியான் பெலாண்டா இலை?

குழம்பில் போடும் மஞ்சளால் தீங்கில்லை. குர்குமின் மாத்திரை வேறு. ஆய்வகத்தில் அது அழற்சியைத் தணிப்பது உண்மைதான், ஆனால் குடலிலிருந்து இரத்தத்துக்கு மிகச் சொற்பமே செல்கிறது. அதைச் சரிசெய்ய மிளகுச் சத்து சேர்த்து விற்கும் மாத்திரைகளால் சிலருக்கு ஈரல் பாதிக்கப்பட்டிருக்கிறது, வார்ஃபாரின் போன்ற இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளோடும் அது மோதக்கூடும்.

பெலாலாய் கஜா இலைச் சாறு நம் ஊரில் வேலியோரம் கிடைப்பதால் பலர் குடிக்கிறார்கள். கண்ணாடிக் குடுவையில் வைத்த செல்களின் மீது அது வேலை செய்வதாகச் சொல்லும் ஆய்வுகள் உண்டு. மனிதப் புற்றுநோயாளிகளின் ஆயுளைக் கூட்டியதாக நிறுவிய ஆய்வு இல்லை. துரியான் பெலாண்டா (முள்சீத்தா) இலையிலும் பழத்திலும் உள்ள அன்னோனசின் நரம்பணுக்களுக்கு நஞ்சு. கரீபியன் தீவான குவாடலூப்பில் அவற்றை நெடுங்காலம் பயன்படுத்தியவர்களிடையே பார்க்கின்சன் போன்ற நோயோடு அதைத் தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். பச்சைச் சாறு எதுவாயினும், வெள்ளணு குறைந்திருக்கும் வாரத்தில் மண்ணிலும் நீரிலும் உள்ள கிருமியையும் சேர்த்து வயிற்றுக்குள் அனுப்புகிறது. குடிப்பவர்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

நேரடி விற்பனையில் வரும் எதிர்ப்புச்சக்திப் பொடிகள்?

வாங்க வேண்டாம். அந்தப் பணத்துக்கு முட்டையும் மீனும் வாங்குங்கள்.

கீமோ எடுத்த பிறகு காய்ச்சல் வந்தால், காலை வரை பொறுத்திருக்கலாமா?

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இந்த விடையை வைத்துக்கொள்ளுங்கள்.

கீமோவுக்குப் பின் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை வெள்ளணு மிகக் கீழே இறங்கும் காலம். நியூட்ரோஃபில் எண்ணிக்கை 0.5-க்குக் கீழே போகும்போது கிருமி நுழைந்தாலும் சீழ் கட்டாது, நுரையீரலில் சளி திரளாது, தொண்டை சிவக்காது; காய்ச்சல் ஒன்றே அறிகுறியாக இருக்கும், அதுவும் சிலருக்கு இராது, குளிர் நடுக்கமும் தலைச்சுற்றலும் மட்டுமே வரும். வெப்பமானியில் 38 பாகை செல்சியஸ் காட்டினால், அது நள்ளிரவானாலும் தீபாவளி நாளானாலும், அருகிலுள்ள அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்று, "கீமோ எடுப்பவர், காய்ச்சல்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நரம்பு வழி ஆன்டிபயாட்டிக் ஒரு மணி நேரத்துக்குள் தொடங்குவதே இலக்கு. கீமோ அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பனடோல் போட்டுக் காய்ச்சலை மறைத்துவிட்டுப் பிறகு போவது ஆபத்தானது.

தோட்டப்புறத்தில் வாழ்பவர்களுக்கு இதில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது. எலிச் சிறுநீர் கலந்த நீரால் வரும் எலிக்காய்ச்சல், ஈர மண்ணிலுள்ள கிருமியால் வரும் மெலியோய்டோசிஸ், டெங்கி ஆகிய மூன்றும் நம் வட்டாரத்துக்குப் புதியவை அல்ல. மெலியோய்டோசிஸ் இனிப்புநீர் உள்ளவர்களையும் எதிர்ப்பாற்றல் தாழ்ந்தவர்களையும் தேடிப் பிடிக்கிறது, வழக்கமான ஆன்டிபயாட்டிக்குகள் பலவற்றுக்கு அது மசியாது. ஆகவே நோயாளி தோட்டத்தில் வேலை செய்பவரா, வீட்டுக்குப் பின்னால் மண் கொத்தினாரா, வெள்ளத்தில் நடந்தாரா என்பதைக் கேட்காமலே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். சிகிச்சைக் காலம் முழுவதும் வெளியே ரப்பர் சப்பாத்து, மண்வேலைக்குக் கையுறை. முடிந்தால் அந்த வேலையே வேண்டாம்.

வெறுங்காலோடு நடந்து பழகியவருக்கு வேறு ஏதும் ஆபத்து உண்டா?

ஒன்று உண்டு, அதைப் பலர் அறிவதில்லை. ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்னும் புழு மண்ணிலிருந்து பாதத் தோல் வழியே புகுந்து, எந்தத் தொல்லையும் தராமல் பல பத்தாண்டுகள் குடலில் தங்கிவிடும். எதிர்ப்பாற்றல் அதைக் கட்டுக்குள் வைத்திருக்கிறது. கீமோவோடு டெக்சாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு தரப்படும்போது அந்தக் கட்டு தளர்ந்து, புழுக்கள் பெருகிக் குடல் சுவரைத் துளைத்து உடலெங்கும் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். இளமையில் தோட்டத்தில் வெறுங்காலோடு வேலை செய்தவர், இரத்தத் தாளில் ஈசினோஃபில் என்னும் வகை வெள்ளணு உயர்ந்திருப்பவர் ஆகியோர் சிகிச்சை தொடங்குமுன் இதைக் கேட்டுப் பரிசோதித்துக்கொள்வது தகும். ஐவர்மெக்டின் என்னும் புழு மருந்து கொண்டு எளிதில் தீர்க்கக்கூடிய ஒன்று இது. அதே வேளையில் ஹெப்பாடைட்டிஸ் பி பரிசோதனையும் ஆகிவிட்டதா என்று கேளுங்கள். உறங்கிக்கிடக்கும் அக்கிருமியும் கீமோவில் விழித்துக்கொள்ளும்.

இனிப்புநீருக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

2019-ஆம் ஆண்டின் தேசிய நலக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. வயிற்றுக் கொழுப்பு தானே அழற்சிச் செய்திகளைச் சுரக்கும் திசு. சர்க்கரை உயர்ந்திருக்கும்போது நியூட்ரோஃபில்கள் மந்தமாகிக் கிருமியை விழுங்கும் திறன் குறைகிறது, அறுவைப் புண் ஆறத் தாமதமாகிறது. டெக்சாமெத்தசோன் தரும் நாள்களில் சர்க்கரை தாவி ஏறும். பசியில்லாத நாள்களில் வழக்கமான இனிப்புநீர் மாத்திரை சர்க்கரையை அபாயகரமாக இறக்கிவிடும். ஆகவே பழைய அளவிலேயே மருந்தைத் தொடராமல் கீமோ தொடங்கும்போதே அளவைப் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

ஆஸ்பிரின் அழற்சியைத் தணிக்கும் மருந்துதானே? நாங்களே தொடங்கலாமா?

நீங்களாகத் தொடங்க வேண்டாம். லிஞ்ச் நோய்க்குறி என்ற பரம்பரைக் குறை உள்ளவர்களுக்கு ஆஸ்பிரின் பெருங்குடல் புற்றுநோயைக் குறைப்பது நிறுவப்பட்டிருக்கிறது. வட ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2025-இல் வெளியான ஆய்வில், கட்டியில் பிஐகே3சிஏ என்ற மரபணுவின் குறிப்பிட்ட பகுதிகளில் மாற்றம் உள்ளவர்கள் அறுவைக்குப் பின் நாள்தோறும் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் எடுத்தபோது, மூன்றாண்டில் நோய் திரும்பியது 7.7 விழுக்காட்டினருக்கு, எடுக்காதவர்களில் 14.1 விழுக்காட்டினருக்கு. மாற்றம் உள்ளதா என்று கட்டித் துண்டைச் சோதித்த பிறகே இந்தப் பேச்சுக்கு இடமுண்டு. இரைப்பையில் இரத்தக் கசிவு என்பது ஒரு பக்கம். டெங்கி வரும் ஊரில், தட்டணு குறைந்திருக்கும் உடலில் ஆஸ்பிரின் இன்னொரு பெரிய ஆபத்து.

ஓய்வுதான் நல்லதா, நடப்பதா?

நடப்பது. தசை அசையும்போது வெளியாகும் பொருள்கள் அழற்சியைத் தணிக்கின்றன, சும்மா கிடக்கும் தசையோ கரைந்துகொண்டே போகிறது. பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவையும் கீமோவும் முடித்த 889 பேரிடம் நடத்தப்பட்டு 2025-இல் வெளியான ஆய்வில், மூன்றாண்டுகள் பயிற்றுநர் துணையோடு உடற்பயிற்சி செய்தவர்களில் 90.3 விழுக்காட்டினர் எட்டாண்டு முடிவில் உயிரோடிருந்தனர். நலக் குறிப்பேடு மட்டும் பெற்றவர்களில் 83.2 விழுக்காட்டினர். வேகநடைதான் அதில் பலர் செய்தது. இதற்குச் செலவில்லை. காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுமுன், திடலைச் சுற்றி நடக்கலாம். கீமோ நடக்கும் வாரத்தில் வீட்டு வாசலில் பத்து நிமிடம் போதும்.

புதிய எதிர்ப்பாற்றல் சிகிச்சை எல்லாருக்கும் பயன்படுமா?

இல்லை, ஆனால் யாருக்குப் பயன்படுமோ அவர்களுக்கு வியப்பூட்டும் அளவில் பயன்படுகிறது. டி-செல்களின் மீது போடப்பட்டிருக்கும் தடையை நீக்கும் இம்மருந்துகளுக்கு அடித்தளமிட்ட ஜேம்ஸ் அலிசனும் தசுக்கு ஹோஞ்சோவும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர். மரபணுப் பிழைதிருத்தம் கெட்டுப்போன கட்டிகளில் பிழைகள் மலிந்திருப்பதால் டி-செல்களுக்கு அவை எளிதில் அடையாளம் தெரிகின்றன. பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறத்தாழ 15 விழுக்காடு இவ்வகை. பரவிவிட்ட நிலையில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. 2022-இல் நியூயார்க்கில் இத்தகைய மலக்குடல் கட்டி கொண்ட 12 பேருக்கு இவ்வகை மருந்தான டோஸ்டார்லிமாப் மட்டும் தரப்பட்டது. பன்னிரண்டு பேருக்கும் கட்டி கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தது, அறுவை தேவைப்படவில்லை. ஆகவே கட்டித் துண்டில் இந்தப் பிழைதிருத்தக் கேட்டைக் கண்டறியும் 'எம்எம்ஆர்' அல்லது 'எம்எஸ்ஐ' பரிசோதனை செய்யப்பட்டதா என்று கேட்பது ஒவ்வொரு நோயாளியின் உரிமை. மற்ற வகைப் பெருங்குடல் கட்டிகளுக்கு இம்மருந்து தனியாகத் தரப்பட்டால் பெரும்பாலும் பலனில்லை. வீட்டை விற்று வாங்குமுன் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். தடை நீங்கிய எதிர்ப்பாற்றல் சில வேளை நோயாளியின் குடலையோ நுரையீரலையோ தைராய்டையோ தாக்கும். சிகிச்சை முடிந்து மாதங்கள் கழித்து வரும் வயிற்றுப்போக்கையும் உடனே தெரிவிக்க வேண்டும்.

தடுப்பூசி போடலாமா?

உயிருள்ள கிருமி இல்லாத சளிக்காய்ச்சல் தடுப்பூசி, நிமோனியா தடுப்பூசி ஆகியவற்றைப் போடலாம். முடிந்தால் கீமோ தொடங்க இரண்டு வாரம் முன்பாக. உயிருள்ள கிருமியைக் கொண்ட தட்டம்மை, சின்னம்மைத் தடுப்பூசிகள் சிகிச்சைக் காலத்தில் கூடாது. வீட்டிலுள்ள பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தங்கள் தடுப்பூசிகளை முடித்திருப்பது தாத்தாவுக்கும் பாதுகாப்பு.

எங்கள் குடும்பத்தில் மற்றவர்கள் என்ன செய்ய வேண்டும்?

பெருங்குடல் புற்றுநோய் மலேசிய ஆண்களில் முதலிடத்திலும் பெண்களில் மார்பகத்துக்கு அடுத்தும் இருப்பதை 2012 முதல் 2016 வரையான தேசியப் பதிவேடு காட்டியது. பெரும்பாலோருக்கு அது மூன்றாம் அல்லது நான்காம் நிலையில்தான் கண்டுபிடிக்கப்படுகிறது. ஐம்பது வயது முதல் எழுபத்தைந்து வரை, அறிகுறி ஏதும் இல்லாதவர்கள், கிளினிக் கெசிஹாத்தானில் (அரசாங்கச் சுகாதார கிளினிக்) மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனையைச் செய்துகொள்ளலாம். ஒரு சிறு குப்பியில் மாதிரி எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. பத்தியமோ ஊசியோ இல்லை. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் வந்திருந்தால் இந்தச் சோதனை போதாது. அவர்களுக்கு நோய் கண்ட வயதைச் சொல்லிக் கொலோனோஸ்கோபி எப்போது தொடங்கலாம் என்று கேட்க வேண்டும், பொதுவாக நாற்பது வயதில் அல்லது உறவினருக்கு நோய் கண்ட வயதுக்குப் பத்து ஆண்டு முன்பு, எது முந்தியதோ அப்போது. இரைப்பைப் புற்றுநோய் வந்த குடும்பமாக இருந்தால் ஹெலிகோபாக்டர் சோதனையை எல்லாரும் செய்துகொள்ளுங்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஓமெப்ரசோல் வகை மாத்திரையையும், நான்கு வாரம் முன்பே ஆன்டிபயாட்டிக்கையும் மருத்துவரைக் கேட்டு நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்றே முடிவு வரும்.